கொடி முன்பு எந்தச் செடியில் இருந்தது

மங்கையர்க்கரசிக்குக் கோபம் சட்டென்று வராது. வந்துவிட்டால் போகாது. புனேயின் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவள் வளர்ந்த காலத்தில், ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி, "இவ கறுப்பா இருக்கா, போட்டோல பின்னால நிக்கட்டும்" என்று தோளைப் பிடித்து அவளை நகர்த்திவிட்டாள். மங்கைக்கு அப்போது பத்து வயது இருக்கும். அதன் பிறகு அந்த அத்தை வீட்டில் அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அத்தை செத்தபோதும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். அம்மா பவுன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"செத்தவகிட்ட இன்னாடி வஞ்சம்?"

"அவ செத்துட்டா. நான் இன்னும் சாகலயே" என்றாள் மங்கை.

அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்து சேர்ந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கதவைத் தாண்டினால் மராத்தியும் இந்தியும். மங்கை மராத்திப் பள்ளியில் படித்து, தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பிஎச்.டி.யும் வாங்கி, நகரத்தில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில் காளே மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அந்தக் குடியிருப்பில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொண்ட முதல் பெண் அவள்தான். அப்பாவுக்கு அவள் என்ன டாக்டர் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் மூட்டுவலி வந்த நண்பர்களையெல்லாம் அவளிடம் அனுப்பி வைப்பார்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அமர்வேல். நம்மூரில் அம்மையார் கூந்தல் என்பார்கள். இலையும் கிடையாது, மண்ணில் வேரும் கிடையாது. மஞ்சள் நூலை யாரோ வாரி இறைத்ததுபோல வேலிகளின்மேல் கிடக்கும். ஒரு செடியைத் தொட்டதும் அதைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய இடத்தில் சின்னச் சின்ன உறிஞ்சுவேர்களைத் தண்டுக்குள் இறக்கி, அந்தச் செடியின் சாற்றைக் குடித்தே வாழும். தொட்ட நொடியிலிருந்து உறிஞ்சுவேர் உள்ளே இறங்கும்வரை கொடிக்குள் எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன, செடிக்குள் எவை விழிக்கின்றன என்பதுதான் மங்கையின் கேள்வி. மரபணு ஒன்று வேலை செய்யும்போது தன் நகலாக ஆர்.என்.ஏ. என்ற பொருளை உண்டாக்கும். தொட்ட இடத்தை வெவ்வேறு நேரங்களில் வெட்டி, அதிலிருக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தால், எந்த மரபணு எப்போது வேலை செய்தது என்று தெரிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்துபார்த்தால், கொடியுடையது எது, செடியுடையது எது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவை ஒன்றுக்குள் ஒன்று போய் வந்துகொண்டிருப்பவை.

அதே ஆய்வுக்கூடத்தில் கோகுல்நாத் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன். கணினியில் கெட்டிக்காரன். மங்கை செடிகளோடு மல்லுக்கட்டி எடுத்துத் தரும் விவரங்களைக் கணினியில் போட்டு அலசுவது அவன் வேலை. அவளுடைய தமிழைக் கேட்டு, "உங்க தமிழு ஒரு தினுசா இருக்குதுங்க மங்கை. நடுவுல ஒரு மராத்திக்காரி பூந்துக்கறாளுங்க" என்று சிரிப்பான். அவளும் சிரிப்பாள். கேன்டீனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வீட்டிலிருந்து புளிக்குழம்பு கொண்டுவந்தால் அவனுக்கென்று ஒரு டப்பா தனியாக வரும்.

அந்த வருட மழைக்காலத்தில் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் வளர்த்த கொடி அத்தனையும் பூஞ்சை பிடித்து அழுகிப்போனது. கைவசம் கொடி இல்லை. வேலைக்கு வரும் வழியில் ஓர் ஆடாதொடை வேலியின்மேல் அமர்வேல் தழைத்துக் கிடப்பதை மங்கை பார்த்திருந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு கத்தை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். முறைப்படி அதைத் தக்காளிச் செடியில் ஏற்றி, சில வாரங்கள் வளரவிட்டு, அதன் பிறகுதான் சோதனைக்கு எடுக்க வேண்டும். அவளோ கை பழகட்டும் என்று, வேலியிலிருந்து வந்த கொடியை அன்றைக்கே நேராகத் தக்காளியில் சுற்றிவிட்டு ஓர் ஒத்திகை பார்த்தாள். அதன் ஆர்.என்.ஏ.வையும் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்துப் படிக்க அனுப்பினாள். விவரங்கள் வந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுவதாக இருந்தாள்.

விவரங்கள் வந்த வாரம் அப்பா போய்விட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டு இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

கோகுல்நாத் போன் செய்தான். "மனசத் தேத்திக்கோங்க மங்கை. இங்க வேலைய நான் பாத்துக்கறனுங்க. நீங்க எதையும் நெனச்சுக் கவலப்படாதீங்க." அந்தப் பேச்சு அவளுக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. காரியம் முடிந்து, அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் ஒரு மாதத்துக்குமேல் விடுப்பில் இருந்தாள். நடுவில் ஒருநாள், 'கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சம்மதமா' என்று மின்னஞ்சல் வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். எந்தக் கட்டுரை என்றுகூடப் பார்க்காமல் சம்மதம் என்று அழுத்திவிட்டாள்.

திரும்பிவந்து பார்த்தபோது கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டிருந்தது. முதல் பெயர் கோகுல்நாத்துடையது. நான்காவதாக மங்கையர்க்கரசி. சோதனையை வடிவமைத்தவர், செய்தவர், அலசியவர் என்ற மூன்று இடங்களிலும் அவன் பெயரே இருந்தது.

காளே மேடத்திடம் போய் நின்றாள். மேடம் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் மராத்தியில் சொன்னார்: "நீ இல்லை. காலக்கெடு இருந்தது. கோகுல் ராப்பகலா உழைச்சான். உன் பேரும் இருக்குல்ல? இந்த வயசுல பேருக்குச் சண்டை போட்டா பேர் கெட்டுத்தான் போகும்."

"விவரங்களை ஒரு தடவை நீங்களே பாருங்க மேடம்."

"எல்லாம் பார்த்தாச்சு."

கேன்டீனில் கோகுல்நாத்தைப் பிடித்தாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏனுங்க மங்கை, கோவமா? யாரோ ஒரு வெளியாளு பேரு வர்றதுக்கு நம்ம ஆளு பேரு வந்துதுன்னு நெனச்சுக்கோங்களேன்" என்றான்.

நம்ம ஆளு. அந்தச் சொல்தான் அவளுக்குள் போய்த் தைத்தது. திருடியதைவிட அது வலித்தது. எழுந்து, தன் மேசைக்குப் போய், கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தாள்.

கட்டுரையின் உயிர் ஒரே ஒரு மரபணுவில் இருந்தது. கொடி சும்மா தொங்கும்போது அது இல்லை. தக்காளியைத் தொட்டவுடன் உச்சத்தில் இருக்கிறது. நேரம் ஆக ஆகக் குறைகிறது. உறிஞ்சுவேர் உள்ளே இறங்கும்போது மறைந்தேவிடுகிறது. 'தொடுகையில் விழிக்கும் மரபணு' என்று அதற்குப் பெயர் வைத்து, இதை முடக்கினால் கொடி எந்தச் செடியையும் பிடிக்க முடியாது என்றும் எழுதியிருந்தான்.

மங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எந்தத் தொகுதி என்று பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

அது ஒத்திகைத் தொகுதி, வேலியில் வெட்டிய கொடியுடையது. ஒப்பிடுவதற்கு அவன் எடுத்திருந்த தொங்கும் கொடியோ முன்பு தக்காளித் தொட்டியில் வளர்ந்தது.

அப்படியானால் அது கொடியின் மரபணுவே அல்ல. வேலியில் இருந்தபோது ஆடாதொடையிலிருந்து குடித்த சாற்றோடு கொடிக்குள் வந்த மிச்சம் அது. புதுச் செடிக்கு மாறியபின் அந்த மிச்சம் மெல்ல மெல்லச் சிதைந்து தீர்ந்துபோயிருக்கிறது. தக்காளியில் இல்லாததைக் கொடியுடையது என்று எடுத்துக்கொண்டு, அது தீர்வதைத்தான் கோகுல்நாத் விழிப்பு, உறக்கம் என்று எழுதிவைத்திருக்கிறான். கொடியை அவன் வெட்டியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். வேலியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நேரே எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்: கட்டுரையைத் திரும்பப் பெற்றிருப்பார்கள், அவன் ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். அவ்வளவுதானா? மங்கைக்கு அது போதவில்லை. இன்னும் மேலே ஏறட்டும் என்று நினைத்தாள். விழுந்தால் எழுந்திருக்க முடியாத உயரத்துக்கு ஏறட்டும்.

சில மாதங்களில் திருத்திய பிரதி வந்தது. மறுபடியும் சம்மதம் கேட்டார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, சம்மதம் என்று அழுத்தினாள்.

அதன் பிறகு அந்த ஆய்வுக்கூடத்தை விட்டு ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்தாள். கோகுல்நாத் ஏறினான். கட்டுரை வெளிவந்தது, செய்தித்தாளில் படம் வந்தது, நகரத்திலேயே வேறொரு நிறுவனத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஔந்த்தில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனான். ஒவ்வொரு செய்திக்கும் மங்கை வாழ்த்து அனுப்பினாள். "உங்க மனசு யாருக்குங்க வரும்" என்று அவன் பதில் போடுவான். அதைப் படிக்கும்போது அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

சும்மாவும் இருந்துவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆய்வுக்கூடத்தில், கொடி படாத வெறும் ஆடாதொடை இலையைக் கொண்டுவந்து அரைத்து, கட்டுரையில் சொன்ன மரபணு அதில் இருக்கிறதா என்று சோதித்தாள். ஊதா விளக்கின் கீழே, அது இருப்பதைக் காட்டும் பட்டை பளிச்சென்று தெரிந்தது. படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்று மாலை அம்மாவுக்கு அதிசயமாகக் கேம்ப் கடைத்தெருவிலிருந்து கேக் வாங்கிப்போனாள்.

"இன்னாடி விசேஷம்?" என்றாள் பவுன்.

"ஒண்ணுமில்ல. சாப்புடு."

இந்த இடத்தில்தான் சஹானா வந்தாள். கோகுல்நாத்தின் முதல் ஆராய்ச்சி மாணவி. கோந்த்வாவில் வீடு, சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர்களின் மகள். அந்த மரபணுவைக் கொடியில் முடக்கிக் காட்டுவதுதான் அவளுடைய பிஎச்.டி. கட்டுரையில் மங்கையின் பெயரைப் பார்த்துவிட்டு, ஒருமுறை சந்திக்க முடியுமா என்று எழுதியிருந்தாள். கேம்ப்பில் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள்.

"அக்கா, ரெண்டு வருஷமா பண்றேன். அந்த ஜீன் எனக்கு வரவே மாட்டேங்குது. மத்லப், அதாவது, கொடியில இல்லவே இல்ல. சார் என்னோட கைதான் சரியில்லன்னு சொல்றாரு. எல்லார் முன்னாடியும் சொல்றாரு." பேசிக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அப்போ லேப்ல இருந்தீங்கல்ல. நான் என்ன தப்பு பண்றேன்?"

மங்கையின் வாய்வரை வந்துவிட்டது: நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அவள் மறுநாள் சாரிடம் கேட்பாள். அவன் சுதாரித்துக்கொள்வான், தானே பிழையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, அதற்கும் ஒரு கட்டுரை எழுதிவிடுவான். குளிர்காலத்தில் புனேயில் பெரிய மாநாடு. தொடக்க உரை கோகுல்நாத்துடையது. இன்னும் சில மாதங்கள்தான்.

"இன்னொரு தடவ பண்ணிப் பாரேன்" என்றாள் மங்கை. சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மாநாட்டு அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் காளே மேடம். மூன்றாவது வரிசையில் சஹானா. கோகுல்நாத் நன்றாகத்தான் பேசினான். அவன் நிறுத்துகிற இடங்களில் எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி நேரம் வந்ததும் மங்கை கையைத் தூக்கினாள். ஒலிவாங்கி அவளிடம் வந்தது. அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள். "சின்னச் சந்தேகம். சோதனைக்கு எடுத்த கொடி, தக்காளியில் சுற்றுவதற்கு முன் எந்தச் செடியில் வளர்ந்தது?"

"தக்காளியில்தான். எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில்."

"கொடியை நீங்களே வெட்டினீர்களா?"

அவன் ஒரு கணம் தயங்கினான். கட்டுரையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது! "ஆமாம்" என்றான்.

"அந்த மாதம் தொட்டிகளில் கொடியே இல்லை. எல்லாம் அழுகிவிட்டது. காளே மேடத்துக்கு நினைவிருக்கும்."

காளே மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கோகுல்நாத் திரையைப் பார்த்தான், மங்கையைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. முழுதாகப் புரிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மங்கை, அந்தக் கொடியக் கொண்டாந்து வெட்டுனது நீங்கதானுங்களே! எனக்கெப்படித் தெரியும்?"

தமிழில் சொல்லிவிட்டான். ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. பலருக்குப் புரியவில்லை. அமர்வுத் தலைவர் ஆங்கிலத்தில் பேசும்படி கேட்டுக்கொண்டார். அவனால் பேச முடியவில்லை. ஆங்கிலத்தில் அதைச் சொன்னால், நான் செய்ததாக எழுதிய சோதனையை நான் செய்யவில்லை என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் கொடி எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லை. உதட்டை நனைத்துக்கொண்டு நின்றான். அரங்கமும் காத்திருந்தது. மங்கை அந்த மௌனத்தை அவசரப்பட்டு உடைக்கவில்லை. அதற்காகத்தானே இத்தனை வருஷம்!

பிறகு அவளே தொடர்ந்தாள். "அது கொடியின் மரபணு அல்ல. ஆடாதொடையுடையது. வெறும் இலையில் நான் எடுத்த படம் இது." கைப்பேசியை முன்வரிசையிடம் நீட்டினாள்.

வெளியே தாழ்வாரத்தில் கோகுல்நாத் அவளைத் தேடிவந்தான். முகம் வெளிறியிருந்தது. "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க மங்கை. என் வாழ்க்கைங்க."

"எங்கப்பா செத்த வீட்டுக்குப் போன் போட்டு, வேலைய நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க. பாத்துக்கினீங்க. அதான் நானும் பாத்துக்கினேன்."

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விசாரணை நடந்தது. சோதனையைத் தான் செய்யவில்லை என்று கோகுல்நாத் எழுதித்தர வேண்டியதாயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனான் என்றும், ஏதோ கல்லூரியில் கணினி சொல்லித்தருகிறான் என்றும் சொன்னார்கள். மங்கை அதை அம்மாவிடம் சொல்லும்போது, நல்ல சாப்பாடு சாப்பிட்டவளைப்போல இருந்தாள்.

விசாரணை முடிந்த அடுத்த வாரம் சஹானா கட்கிக்கே வந்துவிட்டாள். பவுன் கொடுத்த டீயை மரியாதையாகக் குடித்து முடித்தாள். பவுன் உள்ளே போனதும் கேட்டாள்.

"அன்னிக்கு பேக்கரில உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அழுதேனே. அப்பவும்?"

"தெரியும்."

"கட்டுரைக்கு ரெண்டாவது தடவ ஓகே குடுத்தீங்கல்ல, அப்பவும் தெரியும்தானே. விசாரணைல அந்த மெயில் வந்துச்சு. நான் பாத்தேன்." அவளுக்குத் தமிழில் சொல் கிடைக்கத் தடுமாறியது. ஆனாலும் தமிழிலேயே சொன்னாள். "சார் திருடினாரு அக்கா. நீங்க என்னை வெச்சு அவர அடிச்சீங்க."

மங்கை டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "எங்க கம்பெனி லேப்புல எடம் கேட்டு வாங்கித் தரேன். புதுசா ஆரம்பிக்கலாம். நான் சொல்லித் தரேன்" என்றாள்.

"வேணாம்" என்றாள் சஹானா. பவுனிடம் போய்ட்டு வரேன் ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டு இறங்கிப்போனாள். வேறொரு வழிகாட்டியிடம் சேர்ந்து, சோலாப்பூர்ப் பக்கம் சோளக்காடுகளில் வேரைப் பிடிக்கும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிச் செடியைப் பற்றி முதலிலிருந்து தொடங்கினாள். மங்கை இரண்டு மூன்று முறை செய்தி அனுப்பினாள். படித்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

திரும்பப் பெற்ற கட்டுரையின் அறிவிப்பில் மங்கையின் பெயரும் நான்காவதாக இருந்தது. கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தெரிந்தேதான் சம்மதித்தேன் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அவளை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வயல் சோதனைக்கு மாற்றினார்கள். இப்போது சாஸ்வட் பக்கம் தக்காளி வயல்களில் வெயிலில் நிற்கிறாள். கோகுல்நாத் மேடையில் உதட்டை நனைத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு இனிக்கிறது. சஹானாவின் நினைப்பு வந்தால் வரப்பில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து, பார்த்த செடிகளையே மறுபடியும் பார்க்கப் போய்விடுவாள்.

சென்ற மாதம் காளே மேடம் போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது. பழைய சோதனையைச் சரியான முறையில் மறுபடி செய்ய நிதி கிடைத்திருக்கிறதாம். "நீ வா மங்கை. முதல் பெயர் உன்னுடையதுதான். நான் எழுதியே தருகிறேன்."

மங்கை வரப்பில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே தெரியும்.

"அன்னைக்கு விவரங்களை ஒரு தடவை பாருங்கன்னு சொன்னேன் மேடம்" என்றாள் மராத்தியில். "எல்லாம் பார்த்தாச்சுன்னு சொன்னீங்க."

மறுமுனையில் மேடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். மங்கை போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி நின்ற இடத்துக்கு நடந்தாள்.